சோம்பேறிச் செடியும் நாற்பது ரிஜெக்ட் குடைகளும்

அன்பும் மரியாதையும் சரிபாதியாகக் கலந்து, வன நாற்றுப்பண்ணையில் பெரிய பொறுப்பில் இருக்கும் என் மைத்துனருக்கு, உன் அத்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுவது:

இங்கே நானும் உன் அக்காவும், வீட்டின் வடக்குப் பக்கத்தில் பதினோரு செடிகளும் சௌக்கியம். நீ நட்டுவிட்டுப் போனது பன்னிரண்டு என்பது எனக்கும் தெரியும். பன்னிரண்டாவதைப் பற்றிக் கீழே உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன், அதுவரை பதறாமல் படி. அங்கே உன் வீட்டிலும் பண்ணையிலும் சிறிசு பெரிசு எல்லாம் வாடாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கார்டு வந்தது. "செடி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள் அத்தான். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தோண்டி எடுத்துப் போய்க் காட்டிலேயே வைத்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வரியில் சொல்வதானால், எடுத்துக்கொண்டு போகாதே. ஆனால் குடைத் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவன் காரணம் காட்டாமல் முடிவை மட்டும் எழுதினால் அது அறிக்கை ஆகாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எடுத்துப் படி.

முதலில் பின்னணி. நான் ஓய்வு பெற்றதிலிருந்து சும்மா இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அக்காவுக்கு ஒத்தாசையாகச் சமையலறையில்தான் இருந்தேன். டப்பாக்களை உயரப்படி அடுக்கினேன், ஒவ்வொன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டினேன், பால் பொங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பத்து நாள் குறித்து வைத்தேன். அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாங்க. இந்த ஜன்னல் வழியாப் பார்த்தா சேறும் சுவரும் தவிர வேற ஒண்ணும் தெரியல. பச்சையா ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா நல்லா இருக்கும். உங்களால முடியுமா?" என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றுதான். அன்றே வெளியில் இறங்கினேன்.

அந்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய். எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மதிலுக்கும் நடுவில் ஐந்தடி அகலம், பதினெட்டடி நீளம். டாக்டர் வீட்டுப் பெரிய மரம் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் கவிந்து நிற்பதால் வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மண் எப்போதும் சில்லென்று இருக்கும். மூன்று தடவை புல் போட்டேன். முதல் புல் மஞ்சளானது, இரண்டாவது கறுத்தது, மூன்றாவது முளைக்கவே மறுத்துவிட்டது. அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். நீ ஈரச் சாக்கில் சுற்றி, மரத்தட்டில் பன்னிரண்டு செடிகளோடு வந்து இறங்கினாய். குதிரைக் குளம்பு மாதிரி வட்டமான, தடித்த, கரும்பச்சை இலை. பெயரும் சொன்னாய், என் வாயில் நுழையவில்லை. மாதக்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அக்கா வைத்த பெயர் சோம்பேறிச் செடி. வீட்டில் இப்போது அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

நட்டுவிட்டு நீ கைமண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னதெல்லாம் என் நோட்டில் அப்படியே இருக்கிறது. "அத்தான், இது நம்ம காட்டுலயே பொறந்த செடி. உரம் வேணாம், மருந்து வேணாம். பெரிய மரத்தடியில, குளிர்ந்த மண்ணுல, சருகுக்கு நடுவுல மெதுவாப் படரும். வருஷம் பூரா பச்சைதான், இலை கொட்டாது. ஆனா இதுக்கு வெயில் ஆகாது, சுத்தம் ஆகாது, அவசரம் ஆகாது. வச்சிட்டு மறந்துடுங்க." இதில் வெயில் ஆகாது என்பதை நான் இரண்டு கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். சுத்தம் ஆகாது என்றதை நீ கேலிக்குச் சொன்னாய் என்று நினைத்துவிட்டேன். சுத்தம் ஆகாத ஒரு பொருளை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததே இல்லை. கடைசியாகச் சொன்னதைக் குறிக்கும்போது பேனா மை தீர்ந்துவிட்டது.

இப்போது பன்னிரண்டாவது செடி. எங்கள் தொழிற்சாலையில் எந்தச் சரக்கு வந்தாலும், எண்ணிக்கைக்கு ஏற்றபடி சிலவற்றை உருவி எடுத்து ஆராய்வோம். பன்னிரண்டு உருப்படி என்றால் சாம்பிள் இரண்டு. நம் செடிகளுக்கு நான் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் அட்டை நட்டிருந்தேன். துண்டுச்சீட்டு எழுதிக் குலுக்கி, எனக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே வரக் கூடாது என்று, உன் அக்காவையே எடுக்கச் சொன்னேன். எதற்கென்று கேட்காமல் அவளும் எடுத்துக் கொடுத்தாள். நாலும் ஏழும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை நாலாம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் பிடுங்கி, வேரைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீளம் அளந்து எழுதிக்கொண்டு, திரும்ப நட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. நாலாம் எண் பொறுமைசாலி, மூன்று ஞாயிறும் தாங்கிக்கொண்டது. ஏழாம் எண் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு கழிந்து புதன்கிழமை பார்த்தால் படுத்த படுக்கை, சனிக்கிழமை பார்த்தால் ஆளே இல்லை. உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "குடைய விரிச்சுப் பார்க்கலாம். செடியையும் விரிச்சா பார்ப்பாங்க?" என்று கேட்டாள். தொழிற்சாலையில் ஒரு சாம்பிள் குடையை ஐந்நூறு தடவை விரித்து மடக்கி உடைப்போம், ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இங்கே எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேர் ஆய்வு அன்றோடு நிறுத்தப்பட்டது. உன்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

வேரைத் தொடக் கூடாது என்றான பிறகு, மேற்புறத்தையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று தினமும் காலையில் அந்தப் பதினெட்டடியையும் கூட்டி, டாக்டர் மரத்திலிருந்து விழுந்த சருகையெல்லாம் இரண்டு மூட்டையாகக் கட்டிப் பின்பக்க வாசலில் வைத்தேன். குப்பை வண்டி மத்தியானம் வரும். நான் அந்த நேரம் கொஞ்சம் கண் அசருவேன். எழுந்து பார்த்தால் மூட்டை இரண்டும் காலியாகி, சாக்குகள் நான்காக மடிக்கப்பட்டு ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். என்ன நேர்த்தியான ஆட்கள் என்று நான் வண்டிக்காரரைத் தெருவில் பார்த்தபோது கையைப் பிடித்துப் பாராட்டினேன். அவர் கையை உருவிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் வடக்குப் பக்கம் முழுக்க மறுபடி இரண்டு மூட்டைச் சருகு. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இருபத்துநாலு நாள். நாளொன்றுக்கு இரண்டு மூட்டை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்துமூன்று வருஷ அனுபவத்தில் இவ்வளவு சீரான உற்பத்தியை நான் கண்டதில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் மதில் மேலாக டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டரை உனக்கு நினைவிருக்கும், அடுத்தவர் வலிக்குத் தான் முகம் சுளிக்கிற மனிதர். பல் பிடுங்கிய பிறகு அவர்தான் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பார். "டாக்டர், உங்க மரத்துக்கு உடம்புக்கு ஏதாவதா? தினம் ரெண்டு மூட்டை இலை கொட்டுது, பாருங்க" என்று இருபத்துநாலு நாள் கணக்கையும் காட்டினேன். நான் வியந்துபோய்ச் சொன்னது மச்சான், சத்தியமாகக் குறை சொல்லவில்லை. அவர் பதிவேட்டை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "இத்தனை நாள் நீங்க சொல்லவே இல்லையே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் நான் கண் பரிசோதனைக்குப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள், எல்லாம் பளீரென்று தெரியும், வெயிலில் நிற்காதீர்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் நுழைந்தால் கண் கூசுகிறது. ஜன்னல், தொட்டி, தட்டு, கரண்டி எல்லாம் வெள்ளை வெளேர். "நல்ல மருந்துதான் போட்டிருக்காங்க. இந்த ரூம்ல இவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது" என்றேன். உன் அக்கா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "மருந்து இல்லீங்க. மரம்."

டாக்டர் ஆள் வைத்து, எங்கள் பக்கம் வந்த கிளைகளை ஒன்று விடாமல் வெட்டிவிட்டார். வேரோடு பிடுங்கவில்லை என்பது மட்டும்தான் அவர் தொழிலுக்கு மாறாகச் செய்தது. பதினோரு செடிகளும் நட்டநடு வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. உன் அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்புறம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். முப்பது வருஷத்தில் கேட்ட ஒன்றையும் நானே வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அவமானமாகவும் துக்கமாகவும் இருந்தது. கோடை வேறு தொடங்குகிற நேரம்.

அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் எனக்கு மாலை போட்டு, பேசி, கடைசியாக ஒரு பெரிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து திறந்தால், நானே வருஷக்கணக்கில் ரிஜெக்ட் செய்த நாற்பது கறுப்புக் குடைகள், பிடியில் நான் கட்டிய சிவப்பு நூலோடு. அன்பா, பழிவாங்கலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவற்றில் பதினொன்றை எடுத்து, செடிக்கு ஒன்றாக மண்ணில் ஊன்றி விரித்தேன். கீழே நின்றிருந்த செடிகளைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிம்மதி. இரண்டாவது வரிசையாக மதில் மேலும் கொஞ்சம் கட்டினேன்.

ஆனால் ரிஜெக்ட் ஆனது காரணத்தோடுதானே ரிஜெக்ட் ஆனது. ஐந்தாம் செடியின் குடைக்கு ஸ்பிரிங்கில் கோளாறு. நினைத்தபோது மடங்கும், நினைத்தபோது படாரென்று விரியும். மின் மீட்டர் பார்க்க வந்தவர் குனிந்த நேரம் பார்த்து விரிந்தது. அவர் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, மீட்டர் அளவை என்னையே படித்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு போனார். மழை பெய்தால் குடைக்குக் கீழே மட்டும் மண் காய்ந்து கிடக்கும். அதனால் கொட்டுகிற மழையில் நான் கெண்டியோடு தவழ்ந்து போய் ஒவ்வொரு குடைக்கு அடியிலும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தெருவில் போன ஒரு அம்மா குடை ரிப்பேர் கடை என்று நினைத்துத் தன் குடையை நீட்டினார். ஒரே ஒரு கம்பி நழுவியிருந்தது, மாட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு நாள் அடித்த காற்றில் மூன்று குடைகள் கிளம்பி மதிலைத் தாண்டி, டாக்டர் வீட்டு முன்னறையில், நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் ஜன்னல் வழியாக நுழைந்துவிட்டன. சாயங்காலம் டாக்டர் மூன்றையும் மடக்கி எடுத்துக்கொண்டு வந்தார். வடக்குப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன சார் இதெல்லாம்?"

"நிழல்தான், டாக்டர். மரம்தான் போயிடுச்சே."

"உங்களுக்காகத்தானே சார் வெட்டினேன்! தினம் ரெண்டு மூட்டைக் குப்பைன்னு நீங்கதானே கணக்குக் காட்டினீங்க. எனக்கு மூணு நாள் தூக்கமே வரல. பதினஞ்சு வருஷமா இந்த மனுஷன் நம்ம குப்பையை வாரிட்டு இருந்திருக்காரேன்னு."

"பதினஞ்சு வருஷம் இல்ல டாக்டர், இருபத்துநாலு நாள்தான். எவ்வளவு வாரினாலும் மறுநாள் அவ்வளவும் இருக்கும், அதுதான் எனக்கு ஆச்சரியம்."

அப்போது சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஏதோ பாத்திரம் உருள்கிறது என்று நினைத்தேன். உன் அக்கா சிரித்தாள், மச்சான். நிற்க முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் அதுவும் முடியாமல் கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நான்தாங்க தினம் திருப்பிக் கொட்டினேன். சருகு இல்லாம அது வளராதுன்னு தம்பி சொல்லிட்டுப் போனானே! சொன்னா நீங்க கேப்பீங்களா? அதான் நீங்க தூங்கினதும் கொட்டிட்டு சாக்கை மடிச்சு வச்சிருவேன்" என்றாள். ஒரே சருகை நான் இருபத்துநாலு தடவை கூட்டியிருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன். பிறகு டாக்டரும் சிரிக்க ஆரம்பித்தார். நான் கடைசியாகச் சேர்ந்துகொண்டேன், வேறு வழியில்லை. அன்றைக்கு அந்த நேர்த்தியான மடிப்புக்காக வண்டிக்காரரைப் பாராட்டியதையும் சொன்னேன், மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கூட்டுவது நின்றது. டாக்டர் தன் தோட்டத்துச் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டார். நாங்கள் இருவரும் கோடை முழுக்கக் குடைகளைக் காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம் என்று வெயிலுக்கு ஏற்றபடி சாய்த்து வைத்தோம். இதில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். நல்ல துணிக் குடைக்கு அடியில் இருந்த செடிகள் உயிரோடு இருந்தன, அவ்வளவுதான். துணியில் ஊசி ஓட்டை என்று நான் ரிஜெக்ட் செய்த குடைகள் மூன்று இருந்தன. அவற்றுக்கு அடியில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்த இடத்தில்தான் முதல் புது இலை வந்தது. மூன்றிலும் வந்தது! தையல் பிரிவில் ஒரு அம்மா என்னோடு வருஷக்கணக்கில் வாதாடுவார், "ஊசி ஓட்டையில என்ன சார் பெரிசா வந்துடப் போகுது, கொஞ்சம் வெளிச்சம்தானே வரும்?" என்று. அப்போது நான் நூலைக் கட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தவில்லை. அவர் விலாசம் இப்போது என்னிடம் இல்லை. இருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதுவேன். மற்ற எட்டுக் குடைகளிலும் நானே ஊசியால் குத்திவிட்டேன்.

கோடை போனது. வெட்டின கிளைகளில் குச்சி குச்சியாகத் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாக இலை கட்டி, இப்போது பழையபடி வடக்குப் பக்கம் முழுக்க நிழல். மண் தொட்டால் சில்லென்று இருக்கிறது. போன மாதம் நாலாம் செடி இடம் விட்டு நகர்ந்து, சருகுக்கு அடியிலேயே ஊர்ந்து, ஒரு சாண் தள்ளி வேறொரு தலையை நீட்டியிருந்தது. அது பிழைத்துப் படரத் தொடங்கிவிட்டது என்று நீ சொல்வாய். இன்னும் கேள். போன வியாழக்கிழமை இலைக்கு அடியில் ஏதோ தடிப்பாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தேகம். பிடுங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், இலையைத் தூக்கவும் பயம். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தன் வேலைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, பல்லுக்குப் பின்பக்கம் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை இலைக்கு அடியில் மெல்ல விட்டார். பழக்கதோஷத்தில் "கொஞ்சம் பெரிசா" என்று செடியிடம் சொன்னார். அப்புறம் அப்படியே படுத்தபடி, "சார், பூ!" என்றார்.

மண்ணை ஒட்டி, பழுப்பு நிறத்தில், கிண்ணம் மாதிரி மூன்று முனையோடு ஒரு பூ. யாருக்கும் காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பூத்திருந்தது. உன் அக்காவை அழைத்து வந்தேன். அவள் முழங்காலிட்டுக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். ஒரு எறும்பு அதற்குள் போய் வந்தது. "இவ்வளவு நாளா உள்ள இது நடந்துட்டு இருந்திருக்கு, பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, குடை தூக்கினதெல்லாம் போதும், இதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. மனசு நிறைந்தது என்று சொல்வார்களே, அதுதான்.

ஆகவே அறிக்கையின் முடிவு: செடிகள் பதினொன்று, அனைத்தும் தேறின. அவற்றை எடுத்துக்கொண்டு போனால் உன் அக்கா ஜன்னலில் நின்று மறுபடி சேற்றையும் சுவரையும் பார்க்க வேண்டும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். நீ அன்று சொன்னதன் அருமை இப்போது எனக்கு விளங்கிவிட்டது. சும்மா விடுவது ஒரு பெரிய வேலை. அதை இனி ஒழுங்காகச் செய்யப் போகிறேன். எண் அட்டைகளைப் பிடுங்கிவிட்டேன், குடைகளை மடக்கிப் பரணில் ஏற்றிவிட்டேன், பதிவேட்டை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வடக்குப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

வருகிற திங்கட்கிழமை முதல் பழையபடி முழு நேரமும் சமையலறையில் உன் அக்காவுக்கு உதவியாக இருப்பதென்று தீர்மானம். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதற்கட்டப் பார்வையிலேயே பாத்திரம் பதினொன்று, மூடி பதினாலு என்று தெரிகிறது. இது எப்படி நடந்தது என்று விசாரிக்க வேண்டும். புதுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டாயிற்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் கை பட்ட நாற்றெல்லாம் காடாகட்டும், உன் வீட்டில் நிழலும் ஈரமும் குறையாமல் இருக்கட்டும். தொழிற்சாலை வழக்கப்படி, வெளியே போகிற எதையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஆகையால் இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் கொடுத்து ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு, என்றும் உன் நலம் விரும்பும்,
அத்தான்
(தரப் பரிசோதகர், ஓய்வு)

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், நல்ல வேளை படித்துப் பார்த்தேன். இதில் அவர் எழுதியதை எல்லாம் நம்பு, அவர் எடுத்திருக்கிற முடிவை மட்டும் நடக்க விடாதே. எனக்குப் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம் என்றுதான் அப்போது இருந்தேன். அன்றைக்கு இவர் என் கரண்டிகளை எல்லாம் தரையில் உருட்டி, எது கோணல் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வெளியே ஒரு வேலை கொடுத்தால்தான் பிழைப்பேன் என்று, ஜன்னலில் கண்ணில் பட்டதைக் கேட்டுவைத்தேன். சருகைத் திருப்பிக் கொட்டினது கூட நீ சொன்னதற்காக மட்டும் இல்லை. கூட்ட ஒன்றும் இல்லை என்றால் மனிதர் உள்ளே வந்துவிடுவாரே. மரத்தை வெட்டின அன்று நான் பேசாமல் உள்ளே போனதைப் பார்த்து அவர் என்னவோ எழுதியிருக்கிறார். செடி போய்விட்டால் இவரை எங்கே அனுப்புவது என்று யோசிக்கத்தான் போனேன். அதனால் இது கிடைத்த கையோடு அவருக்குப் போன் போடு. பூ விட்ட செடியைத் தினம் மூன்று வேளை போய்ப் பார்க்காவிட்டால் அதற்கு மனசு விட்டுப் போகும் என்று சொல். அடுத்த மாதம் வரும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகாதே, இன்னும் இருபத்துநாலு கொண்டு வா. உள்ளதிலேயே அதிகமாக வீம்பு பிடிக்கிற ரகமாகப் பார். திங்கட்கிழமைக்குள் போன் வர வேண்டும்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லாதே. முப்பது வருஷம் காலையில் போனால் இருட்டினதும்தான் வருவார், பகல் வெளிச்சத்தில் அவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. மழையில் தான் நனைந்துகொண்டு, செடிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். பாத்திரம் கழுவி முடித்த பிறகும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். நன்றாகத்தான் இருக்கிறார், தம்பி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும்.